மிளகும் கோமாளியும்

1988ம் வருஷம் பிப்ரவரி மாதம் 10ந் தேதி, புதன்கிழமை. ஜப்பானில் அன்று பள்ளிக்கூடம் உண்டு. ஆயினும் டோக்கியோ நகரத்துக் கடை வாசல்களில் பிள்ளைகள் வரிசை வரிசையாக நின்றார்கள். பாடம் படிக்க வேண்டிய நேரத்தில் அங்கே நின்றவர்களைப் போலீஸார் பிடித்துப் புத்தி சொல்லி அனுப்ப நேர்ந்தது. "டிராகன் குவெஸ்ட்" என்னும் வீடியோ கேமின் மூன்றாம் பாகம் விற்பனைக்கு வந்த தினம் அது. ஒரே நாளில் பத்து லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றனவாம். நாலாம் பாகத்தை 1990ல் ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்த்து வெளியிட்டார்கள். பள்ளி நாளில் இதை விற்கலாகாது என்று ஜப்பானில் சட்டமே இருப்பதாக ஒரு வதந்தி உலகெங்கும் உலவுகிறது. சட்டமும் இல்லை, ஒன்றும் இல்லை. உபாத்தியாயன் என்ற முறையில் எனக்கு அதில் சற்று வருத்தந்தான்.

அந்த மூன்றாம் பாகம் புது மெருகுடன் மீண்டும் வரப்போகிறது என்று 2021 மே மாதம் அறிவித்தார்கள். வந்து சேர்ந்ததோ 2024 நவம்பர் 14ந் தேதி. இந்த மூன்றரை வருஷமும் ரஸிகர்கள் பட்ட பாட்டைக் கல்யாணத்துக்கு நாள் பார்த்துக் காத்திருக்கும் வீட்டார்தான் அறிவார்கள். இசையமைத்த கோய்ச்சி சுகியாமா 2021 செப்டம்பரிலும், பாத்திரங்களுக்கு உருவம் வரைந்த அகிரா தொரியாமா 2024 மார்ச்சிலும் காலமானார்கள். புதுப் பதிப்பு வெளிவந்த நாளை இருவருமே காணவில்லை. 1988ல் பத்து வயதாயிருந்த பையனுக்கு 2024ல் நாற்பத்தாறு வயது. இந்தத் தடவை அவனைப் பிடித்துப் பள்ளிக்கு அனுப்ப எந்தப் போலீஸ்காரருக்கும் அதிகாரமில்லை.

பொம்மை விளையாட்டுக்கு இவ்வளவு அமர்க்களமா என்று கேட்பீர்கள். பழைய ஆட்டம் முழுவதும் 256 கிலோபைட்டுக்குள் அடங்கியது. இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படமே அதைப்போல் பல மடங்கு இடம் கேட்கும். இடம் போதாமல், ஆரம்பத் திரையைக்கூடச் சித்திரமும் சங்கீதமும் இல்லாமல் வெறும் கறுப்பாக விட்டுவிட்டார்கள். ஆனால் அந்தச் சிமிழுக்குள் ஒரு பூலோகத்தையே அடைத்திருந்தார்கள்! அதில் போர்ட்டோகா என்று ஒரு ராஜ்யம். கீழ்த்திசையிலிருந்து மிளகு கொண்டுவந்தால் கப்பல் தருவதாக அந்த ராஜா சொல்கிறார். மலைக்கணவாய் கடந்து தேடிப் போனால் பஹராதா என்னும் ஊரில் மிளகுக் கடை இருக்கிறது. அங்கே ஒரு வாலிபனின் பெயர் குப்தா! 1498ல் மிளகைத் தேடிக் கோழிக்கோட்டில் வந்திறங்கிய வாஸ்கோ ட காமாவின் சரித்திரத்தை ஜப்பான் தேசத்துப் பிள்ளைகள் இப்படி விளையாடியே தெரிந்துகொண்டார்கள். ஒரு வித்தியாசம் உண்டு. இக்கதையில் மிளகு வாங்க வருகிறவன் பீரங்கி கொண்டு வரவில்லை. திருடர்கள் கொண்டுபோன குப்தாவையும் அவனுடைய காதலியையும் மீட்டுத் தந்து, நன்றிக்குப் பரிசாகவே மிளகைப் பெறுகிறான்.

கதாநாயகனுடன் செல்லும் பரிவாரத்தில் ஒரு கோமாளியையும் சேர்த்துக்கொள்ளலாம். சண்டை நடுவில் தன் வேலையை விட்டுவிட்டுக் கூத்தடிக்கிறவன் அவன். கூட இருப்பவர்களுக்கு அவனால் தலைவலியே தவிர லாபம் இல்லை. ஆனால் பொறுமையாக அவனையும் இழுத்துக்கொண்டு போய் இருபதாவது படிக்கு ஏற்றிவிட்டால், மற்றவர்களுக்கு ஞானோதயப் புத்தகம் இருந்தால்தான் கிட்டும் ஞானி பதவி அவனுக்குப் புத்தகமே இல்லாமல் கிட்டிவிடுகிறது. கடைசி பெஞ்சுப் பையன்களை வருஷக்கணக்காகப் பார்த்துவரும் எனக்கு இந்தக் கற்பனையைச் செய்த யூஜி ஹோரி என்பவர் மீது அளவற்ற மதிப்பு உண்டாகிவிட்டது.

ரஸிகர்களின் உத்ஸாகத்துக்குக் காரணமும் இந்தப் பொறுமைதான் என்று எனக்குத் தோன்றுகிறது. எங்கே போவது என்று பழைய ஆட்டம் வாய் திறந்து சொல்லாது. ஊர் ஊராகப் போய், எதிர்ப்பட்டவரையெல்லாம் விசாரித்து, மறுநாள் பள்ளிக்கூடத்தில் தோழனிடம் துப்புக் கேட்டு முன்னேற வேண்டும். ஆட்டத்தின் கணக்கு சிறு மின்கலத்தின் தயவால் பதிந்திருந்தது. அது அழிந்துபோனால், பயங்கரமான ஒரு ராகத்துடன் செய்தியை அறிவித்துவிடும். பல நாள் உழைப்பும் போயிற்று. முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். அப்படி ஆரம்பித்தவர்களே இன்று ஆனந்தக் கூத்தாடுகிறார்கள்.

புதுப் பதிப்பில் போகவேண்டிய இடத்தைப் படத்திலேயே குறி போட்டுக் காட்டுகிறார்கள். சண்டையில் நம்மவர் யாரும் சாகாதபடி ஒரு சுலப வழியும் வைத்திருக்கிறார்கள். பரீட்சைக்கு முதல் நாள் நோட்ஸ் வாங்கும் மாணாக்கர்கள் ஜப்பானிலும் இருப்பார்கள் போலிருக்கிறது! ஆனால் அந்தக் குறி வேண்டாமென்றால் நிறுத்திக்கொள்ளவும் வசதி உண்டு.

முதல் இரண்டு பாகங்களும் 2025 அக்டோபர் 30ந் தேதி இதேபோல் புத்துருவம் பெற்று வந்துவிட்டன. நேயர்கள் வீட்டில் யாராவது மூன்றாம் பாகத்தை வாங்கிவந்தால், முதல் காரியமாக அந்தக் குறியை அணைத்துவிடுங்கள். மிளகுக் கடை எந்த ஊரில் இருக்கிறதென்று குழந்தைகள் நாலு பேரை விசாரித்துத் தெரிந்துகொள்ளட்டும்.