இடைக்காலமா, எக்காலமா?

தோழனே! சான்றிதழைப் படித்துப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகும் நெருப்பைக் கண்டதுண்டா? உண்டென்று நம்பித்தான் சட்டம் சமைத்தனர், கடல்வழிக்குக் காவல் பூண்டோர்!

1965 நவம்பர் 13. மயாமியிலிருந்து நசாவுக்குச் சென்ற ‘யார்மவுத் காசில்’ நடுக்கடலில் எரிந்தது. மாண்டோர் 90 பேர். 1927இல் கட்டிய கலம்; மேற்கட்டுமானமோ மரம்! பறந்தது பனாமாக் கொடி. எனவே, அமெரிக்கக் கப்பல்களுக்கிருந்த கடும் தீத்தடுப்பு விதிகள் அதனைத் தீண்டவில்லை. அயல்நாட்டுச் சான்றிதழ் கண்டதும் துறைமுகம் வழிவிட்டது!

புதிய பன்னாட்டு உடன்படிக்கை அவ்வாண்டு மே மாதமே நடைமுறைக்கு வந்திருந்தது. ஆயினும், பழைய கப்பலுக்குப் பழைய விதியே போதுமாம், இடைக்காலச் சலுகையாம்!

90 பிணங்கள் விழுந்தபின், 1966இல் அமெரிக்கா தனிச்சட்டம் இயற்றியது: தன் துறைமுகத்தில் பயணிகளை ஏற்றும் அயல்நாட்டுக் கப்பலும் தீத்தடுப்புத் தரம் எய்தியாக வேண்டும் என்று! அன்று முடிந்தது, முன்பே முடியாமற் போனதேன்?

உலகமோ இன்னும் உறங்கிற்று. பழைய பயணிகள் கப்பலின் கட்டுமானத்திலும் எரியும் பொருள் கூடாதென்ற பன்னாட்டு விதி, முழுமையாக நடைமுறைக்கு வந்த நாள் 2010 அக்டோபர் 1. இடைப்பட்டது 45 ஆண்டு!

அயலார் சான்றினை மதிப்போம், மறுக்கவில்லை. சலுகைக்கு முடிவுநாள் குறியுங்கள். பயணி ஏறும் துறைமுகத்துக்குத் தடுக்கும் உரிமை தாருங்கள் என்கிறோம். தாளுக்குத் தரும் மதிப்பில் பாதியேனும் ஆளுக்குத் தரலாகாதா?