பாலத்துக்கு இப்பால் ஒரு புடைவைக் கடை

கல்லடிப் பிரதான வீதியில் நான் நெடுங்காலமாகத் துணி வாங்கும் சிறிய கடையொன்று உண்டு. இரண்டு அலுமாரிகள், ஒரு மேசை, ஒரு பழைய கொப்பி. அவ்வளவே அதன் செல்வம். 1924இல் திறக்கப்பட்ட ஒடுங்கிய லேடி மனிங் பாலமே வழியாயிருந்த நாளில், வாகனங்கள் ஒன்றுக்கொன்று இடம்விட்டுக் காத்து நின்றன. 2013இல் அதன் அருகே அகன்ற புதுப்பாலம் திறக்கப்பட்டதும் நகரத்துப் பெருங்கடைகள் நமக்கு வாசற்படி அயலாயின. இச்சிறு கடை இனி நிலைக்காது என்றே நான் எண்ணினேன். அது நிலைத்தது. ஏன் என்று ஆராய்வது இன்றைய பொருளாதார நிலையிற் பயனுடையது.

2022ஆம் ஆண்டின் இடரை வாசகர் மறந்திரார். மார்ச் மாதத் தொடக்கத்தில் 200 ரூபாவளவில் நின்ற அமெரிக்க டொலர் மே மாதத்தில் 360 ரூபாவளவுக்கு ஏறிற்று. அவ்வாண்டு நவம்பரில், புடைவை வாங்கிக் கட்டுப்படியாகாது, இலகுவான வேறு உடையில் பாடசாலை செல்ல அனுமதி வேண்டுமென ஆசிரியைகள் சிலர் கோரினர். கல்வி அமைச்சு இணங்கவில்லை. புடைவை கட்டியே தீரவேண்டும், கையிலோ பணமில்லை. இந்நெருக்கடியில் மலிவான விசைத்தறிப் புடைவையே வெல்லும் என்பது எவர்க்கும் தோன்றும் முடிவு.

கடைக்காரர் வேறு கணக்குப் போட்டார். "விலையில ஓடினா நான் விழுந்துபோவன், மாஸ்டர். நிறத்தில ஓடினா அவங்களால என்னைப் பிடிக்க ஏலாது" என்றார்.

அதன் பொருள் தறியை அறிந்தோர்க்கு விளங்கும். விசைத்தறிக்கு ஒரே மாதிரியில் மிக நீண்ட துணி நெய்தால்தான் ஆதாயம். கைத்தறியிலோ ஒரு பாவிற் சில புடைவைகளே இறங்கும். ஊடை நூலை மாற்றினால் நிறமும் மாறிவிடும். இல்ல விளையாட்டுப் போட்டிக்கு இருபது ஆசிரியைகள் ஒரே நிறத்தில் உடுக்க விரும்புவர். பெருங்கடையில் ஆயிரம் புடைவை இருக்கும். ஒரே நிறத்தில் இருபது கிடைப்பது அரிது. நம்மவர் தெற்கே 30 கிலோமீற்றருக்கும் அப்பாலுள்ள மருதமுனைத் தறிகளுக்குச் சொல்லியனுப்புவார். எந்தப் பாடசாலை எந்த ஆண்டில் எந்நிறம் உடுத்தது என்பதெல்லாம் அக்கொப்பியில் உண்டு. அயற் பாடசாலையின் நிறத்தை மறந்தும் கொடுக்கமாட்டார். (இவ்விடயத்தில் ஆசிரியைகளின் ஞாபகசக்தி கொப்பியையும் விஞ்சியது என்பது என் அனுபவம்.)

மருதமுனையின் கதையோ ஏற்ற இறக்கம் மிக்கது. இறக்குமதிக் கட்டுப்பாடு நிலவிய 1960களிலும் அடுத்த சில ஆண்டுகளிலும் உள்ளூர்த் தறிக்கு நல்வாழ்வு இருந்தது. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட, வெளிநாட்டுத் துணி வெள்ளமெனப் புகுந்தது. பின்னர் யுத்தம், 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை. 2020இல் பற்றிக், கைத்தறித் துறைகளுக்கென ஓர் இராஜாங்க அமைச்சே அமைக்கப்பட்டது. அரசின் ஆதரவு வேண்டாமென்பார் எவருமிலர். ஆயினும் துணியைத் தடுக்கும் அதே துறைமுகத்தின் வழியாகவே நூலும் சாயமும் வரவேண்டியிருக்கின்றன. டொலர் ஏறினால், வேலி காத்த பயிருக்கே நீர் அற்றுப்போகின்றது. கட்டளை பெற்ற நாளுக்கும் நெய்து முடிக்கும் நாளுக்கும் இடையே நூல் விலை உயர்ந்தால், அந்த இழப்பை யார் சுமப்பது?

இங்கேதான் என் மனம் உறுத்துகின்றது. கடைக்காரரைப் பெருங்கடையினின்று காப்பது அவருடைய சாமர்த்தியம் மட்டுமன்று; பத்துப் புடைவைக்காகவும் பாவைக் கட்டி அவிழ்க்கச் சம்மதிக்கும் நெசவாளரின் பொறுமையுமாகும். சிறு கட்டளையில் வேலை மிகுதி, கூலியோ புடைவைக் கணக்கிலேயே. பாவைத் தறியில் ஏற்றி இழைகளைப் பிணைக்கும் நேரத்துக்குத் தனிக்கூலி இல்லை. நெசவாளரின் பிள்ளைகள் தறியை விட்டுக் கட்டார், சவூதி எனப் புறப்பட்டால், கொப்பியில் எத்தனை நிறம் எழுதியிருந்தும் என்ன பயன்?

சென்ற வாரம் இதனை அவரிடமே கேட்டேன். நூலைத் தாமே முன்கூட்டி வாங்கிக் கொடுப்பதாகவும், விலையேற்றம் நெசவாளரைத் தாக்குவதில்லை என்றும் கூறினார். அது நல்ல ஏற்பாடே. "பாவு பிணைக்கும் நாளுக்கு?" என்றேன். அவர் கொப்பியை மூடிவைத்துவிட்டு, வாசலில் வந்து நின்ற ஆசிரியை ஒருவருக்கு நிறம் காட்ட எழுந்தார்.