பேரிலேயே பவுண்டு இருக்கிற படிப்பு



குறுவை நாற்றங்காலைப் பத்தி எழுதலாம்னு இருந்தேன். அது அடுத்த வாரம். பிளஸ் டூ ரிசல்ட் வந்த கையோட எங்க பக்கம் கிளம்பியிருக்கிற ஒரு வியாபாரத்தைப் பத்தி இப்பவே சொல்லியாகணும். ஏன்னா இதுல நிலம் கைமாறுது. பட்டணத்துல இருக்கிற உங்களை மாதிரி சொந்தக்காரங்க போன்ல "நல்ல சான்ஸ், விடாதீங்க"ன்னு ஒரு வார்த்தை சொன்னதும் கைமாறுது.

அந்த வியாபாரத்தோட பேரு பவுண்டேஷன் கோர்ஸ். வெளிநாட்டுப் பிள்ளைகள் இங்கிலாந்துல பி.எஸ்சி.யோ இன்ஜினியரிங்கோ சேர்றதுக்கு முன்னாடி ஒரு வருஷம் படிக்கிற தயாரிப்புப் படிப்பு. அது எதுக்கு வந்ததுன்னு முதல்ல நியாயமா சொல்லிடறேன். இங்கிலாந்துல பள்ளிப் படிப்பு 13 வருஷம். கடைசி ரெண்டு வருஷம் மூணு பாடத்தை மட்டும் எடுத்து ஆழமாப் படிப்பாங்க, அதுக்கு ஏ லெவல்னு பேரு. 11 வருஷம், 12 வருஷம் படிச்சுட்டு வர்ற மத்த நாட்டுப் பிள்ளைக்கும் அவங்களுக்கும் இடையில ஒரு பள்ளம் இருக்கலாம். அதை நிரப்பத்தான் ஒரு வருஷம் கணக்கு, இயற்பியல், வேதியியல், உயிரியல், கூடவே இங்கிலீஷ், ஆய்வகக் குறிப்பு எழுதுற பழக்கம் எல்லாம் சொல்லித் தர்றாங்க. தேவைப்படுற பிள்ளைக்கு அது நல்ல ஏற்பாடு. அதுல எனக்கு ஒரு குறையும் இல்லை.

என் கோபம் வேற. தேவையில்லாத பிள்ளைக்கும் இதை விக்கிறாங்க. பிள்ளைக்கு இது தேவையா இல்லையான்னு சொல்ற ஆளே, இதை வித்தா கமிஷன் வாங்குற ஆளா இருக்கார்.

எங்க பங்காளி வீட்டுப் பொண்ணு இந்த வருஷம் பிளஸ் டூவில 600க்கு 512. கணக்கு, பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, கம்ப்யூட்டர் சயின்ஸ். டவுன்ல ஒரு ஏஜென்சிக்குக் கூட்டிட்டுப் போயிருக்காங்க. அங்க சொன்ன பதில்: "ஸ்டேட் போர்டு அங்கெல்லாம் செல்லாதுங்க, பவுண்டேஷன் போட்டுத்தான் ஆகணும்." அவர் வந்து ஆறு மா நிலத்துக்கு, அதாவது ரெண்டு ஏக்கருக்கு, விலை பேசிட்டார். அட்வான்ஸ் மட்டும்தான் இன்னும் வாங்கலை.

நான் படிச்சது பத்தாவது. ஆனா போன்ல எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும். அந்தப் பொண்ணை வச்சுக்கிட்டு ரெண்டு ராத்திரி பல்கலைக்கழகங்களோட சொந்தப் பக்கங்களைப் பார்த்தோம். ஒவ்வொண்ணுலயும் நாடு வாரியா தகுதி போட்டிருக்கு. இந்தியாவுக்கு நேரா பாருங்க. பல பல்கலைக்கழகங்கள் இந்திய பிளஸ் டூவை வச்சே நேரா முதல் வருஷத்துல சேர்த்துக்குது. சி.பி.எஸ்.இ.யை விட மாநிலப் பாடத்திட்டத்துக்குக் கொஞ்சம் கூடுதல் சதவீதம் கேட்பாங்க. ரொம்பப் பெரிய பேர் உள்ள சில இடங்கள் மாநிலப் பாடத்திட்டத்தை ஏத்துக்கிறதில்லை, அதுவும் உண்மை. ஆனா "அங்கெல்லாம் செல்லாது"ங்கிறது பச்சைப் பொய்.

பாடத்தையே எடுத்துப் பாருங்களேன். 2019ல மாறின நம்ம பிளஸ் டூ புத்தகத்துல அணிகள், கலப்பெண், வெக்டர், தொகை நுண்கணிதம், வகைக்கெழுச் சமன்பாடு எல்லாம் இருக்கு. இயற்பியல்ல மின்காந்தத் தூண்டல்ல இருந்து குறைகடத்தி வரைக்கும் போகுது. பவுண்டேஷன் கணக்குலயும் முக்கால்வாசி இந்தச் சங்கதிதான். இருபத்தஞ்சு நாள்ல பறிச்சு நட வேண்டிய குறுவை நாத்தைப் பறிச்சுக் கொண்டுபோய் மறுபடி நாற்றங்கால்லயே ஊன்றச் சொன்னா எந்த விவசாயியாவது கேட்பானா? நாத்து முத்திப்போனா தூர் கட்டாது. இங்க அதைச் செய்யச் சொல்றதோட அதுக்குக் காசும் கேட்கிறாங்க.

அந்தக் காசு எவ்வளவுன்னு பார்ப்போம். பவுண்டேஷன் வருஷத்துக் கட்டணம் பல இடங்கள்ல 15,000ல இருந்து 25,000 பவுண்டு வரைக்கும் இருக்கு. நடுவுல 20,000னு வச்சுக்குவோம். பவுண்டை 110 ரூபாய்னு குறைச்சுப் போட்டாலே 22 லட்சம். தங்கிச் சாப்பிட மாசம் ஆயிரம் பவுண்டுக்கு மேல கையில இருக்குன்னு 9 மாசத்துக்கு விசாவுக்குக் காட்டணும், அது ஒரு 10 லட்சம். அங்க ஆஸ்பத்திரிக்குன்னு மாணவர்கிட்ட வருஷத்துக்கு 776 பவுண்டு வாங்குறாங்க, அது ஒரு 85,000 ரூபாய். ஆக 33 லட்சம். இவ்வளவும் போட்ட பிறகு டிகிரியில ஒரு செமஸ்டர் கூட முடிஞ்சிருக்காது.

22 லட்சத்தை எங்க கணக்குல சொல்றேன். குவிண்டாலுக்கு 2,500 ரூபாய்னு நெல்லுக் கொள்முதல் விலை போட்டா 880 குவிண்டால். ஏக்கருக்கு 22 குவிண்டால் கண்டா 40 ஏக்கர் அறுவடை. உழவு, நடவு, உரம், அறுப்பு மெஷின் செலவு எதையும் கழிக்காம. ரெண்டு ஏக்கர்க்காரனுக்கு அது 20 போகம்.

"போற இடத்துல பார்ட் டைம் வேலை பார்த்து அடைச்சுடலாம்"னும் சொல்றாங்க. டிகிரி படிக்கிற பிள்ளை பாடம் நடக்கிற காலத்துல வாரம் 20 மணி நேரம் வேலை பார்க்கலாம். டிகிரிக்குக் கீழான படிப்புக்கு வந்த பிள்ளைக்கு 10 மணி நேரம்தான். சில கல்லூரிகள்ல அதுவும் கிடையாது. இதை எந்த நோட்டீஸ்லயும் பெரிய எழுத்துல போட மாட்டாங்க.

"லோன் போட்டுக்கலாமே"ன்னு பட்டணத்துல கேட்பீங்க. உங்க வீட்டுக்கும் பிளாட்டுக்கும் பேங்க் தரும். படிப்புக் கடன் 7.5 லட்சம் தாண்டினா சொத்துப் பிணை கேட்பாங்க. எங்ககிட்ட இருக்கிற சொத்து வயல். கடன் நின்னு போனா சொத்தை நேரடியா எடுத்துக்க பேங்குக்கு அதிகாரம் தர்ற 2002ஆம் வருஷச் சட்டத்துல விவசாய நிலத்துக்கு விலக்கு இருக்கு. எங்களைக் காப்பாத்தப் போட்ட விலக்கு அது. ஆனா அதனாலேயே பெரும்பாலும் படிப்புக் கடனுக்கு வயலைப் பிணையா எடுக்கத் தயங்குறாங்க. மிஞ்சுறது கந்து வட்டி, இல்லைன்னா கிரயம்.

அவங்க ஏன் இப்படி ஆள் பிடிக்கிறாங்க? அதுக்கும் காரணம் இருக்கு. இங்கிலாந்துல அந்த ஊர்ப் பிள்ளைக்கு அரசாங்கம் கட்டணத்துக்கு உச்சவரம்பு போட்டிருக்கு. 2012ல 9,000 பவுண்டு, 2017ல 9,250, அதுக்கப்புறம் 2025ல 9,535. விலைவாசி எங்கேயோ போயிருச்சு, கட்டணம் அதே இடத்துல நிக்குது. வெளிநாட்டுப் பிள்ளைக்கு உச்சவரம்பே கிடையாது. பள்ளம் எங்க இருக்கோ அங்கதானே தண்ணி பாயும்? இந்தப் பவுண்டேஷன் வகுப்புகள்ல நிறைய, பல்கலைக்கழகத்தோட பேர்ல தனியார் கம்பெனிங்க நடத்துறது. பிள்ளை பிடிச்சுக் கொடுக்கிற ஏஜென்ட்டுக்குக் கமிஷன் போகுது. இது ஒண்ணும் ரகசியம் இல்லை.

2024 ஜனவரியில லண்டன் சண்டே டைம்ஸ் பத்திரிகை இதைப் பத்திப் பெருசா எழுதுச்சு. வெளிநாட்டுப் பிள்ளைங்க குறைஞ்ச மார்க்கோட இந்த வழியில பெரிய பல்கலைக்கழகங்களுக்குள்ள போறாங்கன்னு சொன்னாங்க. பல்கலைக்கழகங்கள் மறுத்தாங்க. பவுண்டேஷன் தனிப் படிப்பு, அதுல தேறினாத்தான் டிகிரிக்கு வர முடியும்னாங்க. யார் சொல்றது சரியோ, நம்ம ஆளுக்கு ரெண்டுலயும் இடிதான். பத்திரிகை சொல்றது சரின்னா காசுக்கு சீட்டு. பல்கலைக்கழகம் சொல்றது சரின்னா, ஏஜென்ட் சொல்ற "கண்டிப்பா சீட்டு உண்டு" பொய். பவுண்டேஷன்ல அவங்க கேட்கிற மார்க் வரலைன்னா நிலமும் போச்சு, சீட்டும் போச்சு.

எதிர்வாதம் தெரியும். "நம்ம பிள்ளைங்க மனப்பாடம் பண்ணி மார்க் வாங்குதுங்க, இங்கிலீஷ் தடுமாறும், லேப்ல சொந்தமா ஒண்ணு செய்யத் தெரியாது." பாதி உண்மை. மறுக்க மாட்டேன். ஆனா இங்கிலீஷ்தான் குறைன்னா அங்கேயே சில வாரத்துல முடியற இங்கிலீஷ் வகுப்புகள் இருக்கு. கால் வலிக்கு முழு உடம்புக்கும் கட்டுப் போடுவானேன்? மார்க் உண்மையிலேயே குறைவா இருக்கிற பிள்ளை, பிளஸ் டூவில அந்தப் பாடத்தையே எடுக்காத பிள்ளை, இவங்களுக்கு பவுண்டேஷன் அர்த்தமுள்ளது. அவங்க யோசிச்சுப் போகட்டும்.

பாலம் போட்டாக் கொள்ளையடிச்சுத்தான் ஆகணும்னு இல்லைங்கிறதுக்கு ஜெர்மனியைப் பாருங்க. அங்க நம்ம பிளஸ் டூவை மட்டும் வச்சு பொதுவா நேரா சேர்க்க மாட்டாங்க. ஷ்டூடியன்கொலெக்னு ரெண்டு செமஸ்டர் தயாரிப்புப் படிப்பு இருக்கு. இன்ஜினியரிங், அறிவியலுக்கு ஒரு பிரிவு, மருத்துவம், உயிரியலுக்கு ஒரு பிரிவு. அரசாங்கம் நடத்துறதுல பெரும்பாலும் படிப்புக் கட்டணம் கிடையாது. ஜெர்மன் மொழி கத்துக்கிட்டுப் போய் நுழைவுத் தேர்வு எழுதணும், அதுதான் கஷ்டம். இல்லைன்னா இந்தியாவுலயே அதே துறையில ஒரு வருஷம் கல்லூரிப் படிப்பை முடிச்சுட்டுப் போகலாம், ஜே.இ.இ. அட்வான்ஸ்டு தேறியும் போகலாம். அங்கேயும் தனியார் கொலெக்குக்குக் காசு உண்டு, அதையும் விக்க ஆள் இருக்கு, ஜாக்கிரதை. அங்கே செலவுக்காக முடக்கி வைக்கச் சொல்ற பணம் வருஷத்துக்கு 11,904 யூரோ. ஆனா அது நம்ம பிள்ளை பேர்லயே இருந்து, மாசாமாசம் சாப்பாட்டுக்குத் திரும்பி வர்ற பணம்.

இன்னொண்ணு. மத்திய அரசோட தேசிய வெளிநாட்டு உதவித்தொகை முதுகலைக்கும் ஆராய்ச்சிக்கும்தான். பவுண்டேஷனுக்குக் கிடையாது. டிகிரியை இங்க முடிச்சுட்டு மேல்படிப்புக்குப் போற பிள்ளைக்கு, தகுதி இருந்தா, கை கொடுக்க ஆள் உண்டு.

அதனால பட்டணத்து உறவுகளே, ஊர்ல இருந்து அண்ணனோ சித்தப்பாவோ போன் பண்ணி "பவுண்டேஷன் சேர்க்கலாமாப்பா"ன்னு கேட்டா, நாலு கேள்வி கேளுங்க. பல்கலைக்கழகத்தோட சொந்தப் பக்கத்துல நம்ம பிளஸ் டூவுக்கு என்ன சதவீதம் போட்டிருக்குன்னு பார்த்தாச்சா? யூகாஸ் வழியா நேரா விண்ணப்பிக்க முப்பது பவுண்டு கூட ஆகாது, அஞ்சு இடம் கேட்கலாம், கேட்டுப் பார்த்தாச்சா? பவுண்டேஷன்ல எத்தனை மார்க் வந்தா முதல் வருஷத்துல இடம்னு எழுத்துல வாங்கியாச்சா? அது வரலைன்னா கட்டின காசு என்ன ஆகும்?

நாலுக்கும் பதில் வந்த பிறகு "நல்ல சான்ஸ்"னு சொல்லுங்க. இங்க பத்திரத்தை எடுத்துக்கிட்டு ரிஜிஸ்தர் ஆபீசுக்குப் போறவன் ஏஜென்ட்டை நம்பிப் போகலை, உங்க வாக்கை நம்பித்தான் போறான்.