ஜாதகம் பார்த்தாயிற்றா?

காலேஜுக்குப் போகிற பிள்ளை வீட்டில் இருந்தால், என்றைக்காவது ஒரு நாள் உங்கள் முன்னால் ஒரு காகிதம் நீட்டப்படும். மளிகைக் கடை ஜாபிதா அல்ல. பிராசஸர், மதர்போர்டு, ராம், கிராபிக்ஸ் கார்டு, எஸ்.எம்.பி.எஸ்., கேபினெட் என்று வரிசையாக எழுதி, அடியில் தலை சுற்றுகிற ஒரு தொகையும் போட்டிருக்கும்.

"என்னடா இது?"

"கேம் ஆடுவதற்குக் கம்ப்யூட்டர், அப்பா. சாமான்களைத் தனித்தனியாக வாங்கி நானே பூட்டிக் கொள்வேன்."

"இதெல்லாம் ஒன்றோடொன்று சேருமா?"

"எல்லாம் நல்ல கம்பெனிச் சரக்கு, அப்பா!"

கவனித்தீர்களா? கேட்ட கேள்வி ஒன்று, வந்த பதில் வேறு. பிள்ளையும் நல்லவன், பெண்ணும் நல்லவள் என்பதற்காக மட்டும் நாம் முகூர்த்தம் வைத்து விடுகிறோமா? ஜாதகத்தைக் கொண்டு வாருங்கள், பொருத்தம் பார்க்கலாம் என்கிறோம் அல்லவா? இங்கேயும் அதே கதைதான். சௌகரியம் என்னவென்றால், இதற்கு ஜோசியர் வேண்டாம். ஜாதகத்தைப் பெட்டியின் மேலேயே அச்சடித்துக் கொடுத்து விடுகிறார்கள்.

இந்த விவகாரத்தில் பொருந்தாத ஜோடிகள் இரண்டு வகை. முதல் வகை, "மாட்டவே மாட்டேன்" என்று வாசலிலேயே நின்று விடும். இரண்டாவது வகை, பரம சாதுவாக உள்ளே போய் உட்கார்ந்து கொண்டு, பிறகு குடியைக் கெடுக்கும். முதல் வகையால் வரும் நஷ்டம், சென்னை ரிச்சித் தெருப் பக்கம் குடியிருப்பவர்களுக்குக் கடைக்கு இன்னொரு நடை. கூரியரில் வரவழைத்தவர்களுக்குச் சில நாள் தலைவலி. நாம் பயப்பட வேண்டியது இரண்டாவது வகைக்கு.

முதல் வகையை முதலில் முடித்து விடுவோம். பையன் 'ரைஸன் 5 7600' என்ற பிராசஸரை எழுதியிருக்கிறான் என்று வையுங்கள். 2023-ல் வந்தது. அதற்குத் துணையாக 'பி550' மதர்போர்டு. இது 2020-ல் வந்தது. இரண்டும் ஏ.எம்.டி. குடும்பம், இரண்டும் நல்ல பேர் எடுத்தவை. ஆனால் சம்பந்தம் நடக்காது! பி550-ல் இருப்பது ஏஎம்4 சாக்கெட். அதில் 1331 துளைகள். பிராசஸரின் அடியில் இருக்கும் ஊசிகள் அந்தத் துளைகளில் இறங்க வேண்டும். 7600-க்கோ ஊசியே கிடையாது. அதன் அடியில் 1718 தட்டையான புள்ளிகள்தான் உண்டு. ஊசிகள் ஏஎம்5 சாக்கெட்டின் பக்கம் இருக்கும். ஆகவே பி650 போன்ற ஏஎம்5 மதர்போர்டைத்தான் பார்க்க வேண்டும்.

அடுத்தது ராம். டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டும் பார்வைக்கு அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். இரண்டுக்கும் 288 முனைகள். ஆனால் நடுவில் இருக்கும் சிறு வெட்டு வேறு வேறு இடத்தில் இருப்பதால், ஒன்றின் இடத்தில் மற்றது நுழையாது. ஏஎம்5 மதர்போர்டுகளுக்கு டிடிஆர்5 மட்டுமே. இன்டெல் கம்பெனி 2021-ல் கொண்டுவந்த எல்ஜிஏ1700 சாக்கெட்டில் இன்னொரு சிக்கல்: சில மதர்போர்டுகள் டிடிஆர்4 கேட்கும், சில டிடிஆர்5 கேட்கும். சாக்கெட் பெயரை மட்டும் சொல்லி வாங்கினால் போதாது.

பிறகு, இந்தக் குடும்பம் குடியிருக்கப் போகிற வீடு, அதாவது கேபினெட். ஏடிஎக்ஸ் மதர்போர்டு 305 மில்லிமீட்டர் நீளம், 244 அகலம். மைக்ரோ ஏடிஎக்ஸ் இரு பக்கமும் 244-க்கு மேல் போகாது. கிராபிக்ஸ் கார்டின் நீளம், கூலரின் உயரம் இரண்டையும் கேபினெட்டின் விவரச் சீட்டோடு ஒப்பிடுங்கள். நாக்டுவா கம்பெனியின் பேர் பெற்ற என்எச்-டி15 கூலர் 165 மில்லிமீட்டர் உயரம். கேபினெட் 160-தான் இடம் கொடுக்கிறது என்றால் பக்கக் கதவு மூடாது. ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும்: சேராததைப் பலவந்தமாக அழுத்தக் கூடாது. ஊசி வளைந்து போனால், கடைக்காரர் திரும்ப எடுத்துக் கொள்ளவும் மாட்டார்.

இனி இரண்டாவது வகை. இங்கேதான் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணம் கண் முன்னால் கரைகிறது.

பி650 மதர்போர்டு 2022-ல் வந்தது. ரைஸன் 9000 வரிசை பிராசஸர்கள் 2024-ல் வந்தன. சாக்கெட் ஒன்றுதான், ஜோராக உட்காரும். ஆனால் மதர்போர்டு கடையில் வெகு நாளாய்க் கிடந்த பழைய சரக்காக இருந்தால், அதிலுள்ள பயாஸ் என்கிற புரோகிராமுக்குப் புது மாப்பிள்ளையின் முகமே தெரியாது. விசிறி சுற்றும், திரை மட்டும் இருட்டாக இருக்கும். எல்லாம் பாழாய்ப் போயிற்று என்று பையன் சோறு இறங்காமல் உட்கார்ந்திருப்பான். பயாஸைப் புதுப்பித்தால் தீர்ந்தது. அதைக் கடையிலேயே செய்து தரச் சொல்லிப் பணம் கொடுங்கள்.

கூலர் இன்னொரு கண்ணாமூச்சி. ரைஸன் 5 7600 பெட்டிக்குள் கூலரும் சேர்ந்தே வருகிறது. 7600எக்ஸ் பெட்டியில் வராது. ஓர் எழுத்து கூடினால் ஒரு சாமான் குறைகிறது!

அடுத்தது எஸ்.எம்.பி.எஸ். பட்டியலில் தொகை எகிறும்போதெல்லாம் பையன்கள் கத்தி வைப்பது இந்த ஏழையின் தலையில்தான். "இது கேமுக்கு என்ன செய்யப் போகிறது, அப்பா?" என்பான். கணக்குப் பாருங்கள். 7600 பிராசஸர் அதிகபட்சம் 88 வாட் எடுக்கும். 2023-ல் வந்த ஆர்டிஎக்ஸ் 4060 கார்டுக்கு 115 வாட். விசிறி, டிஸ்க், மதர்போர்டு எல்லாவற்றுக்கும் தாராளமாக ஓர் எழுபது. மொத்தம் 273. ஆனால் அந்தக் கார்டைச் செய்யும் என்விடியா கம்பெனி 550 வாட் எஸ்.எம்.பி.எஸ். வேண்டும் என்கிறது. கம்பெனிக்காரர்கள் பயந்தவர்களா? இல்லை. கார்டு கண நேரத்துக்குத் தன் அளவைத் தாண்டி மின்சாரத்தை இழுப்பதுண்டு. எப்போதும் மூச்சு முட்ட ஓடுகிற எஸ்.எம்.பி.எஸ். சூடாகிச் சீக்கிரம் ஓய்ந்தும் போகும். விழுந்தாலும் தனியாக விழாமல், நாலு பேரை இழுத்துக் கொண்டு விழக் கூடிய பேர்வழி இது.

இதையெல்லாம் விட மோசமான ஒன்று இருக்கிறது. சில எஸ்.எம்.பி.எஸ்.களில் வயர்களைக் கழற்றிப் பூட்டலாம். பழைய எஸ்.எம்.பி.எஸ். போய்ப் புதிது வருகிறது. பழைய வயர்களோ ஒழுங்காகக் கட்டி உள்ளே கிடக்கின்றன. "அதையே வைத்துக் கொள்ளலாமே, எதற்கு வீண் வேலை?" என்று தோன்றும். அவையும் சில சமயம் கச்சிதமாக மாட்டிக் கொள்ளும். ஆனால் வயரின் டிஸ்க் பக்கத்து முனைக்குத்தான் பொது விதி உண்டு. எஸ்.எம்.பி.எஸ். பக்கத்து முனையில் எந்தக் கம்பி எங்கே என்பதை அந்தந்தக் கம்பெனி தன் இஷ்டப்படி வைத்துக் கொள்கிறது. ஒரே கம்பெனியின் இரண்டு மாடல்களுக்குள்ளேயும் வித்தியாசம் இருக்கலாம். 5 வோல்ட் போக வேண்டிய கம்பியில் 12 வோல்ட் போனால், சுவிட்சைப் போட்ட மாத்திரத்தில் டிஸ்க் கருகிவிடும்.

டிஸ்க் போனால் வேறு வாங்கலாம். அக்காளின் கல்யாணப் போட்டோக்களும், போன வருஷம் காலமான தாத்தா பேசுகிற வீடியோவும் அதில் இருந்தால், அதை எந்தக் கடையில் வாங்குவது? எஸ்.எம்.பி.எஸ். மாறினால் வயர்களும் கூடவே மாற வேண்டும். பூட்டுவதற்கு முந்தின நாள் போட்டோக்களுக்கெல்லாம் வேறோர் இடத்தில் ஒரு பிரதி எடுத்து வைத்துவிட வேண்டும். வேறெதை மறந்தாலும் இந்த இரண்டையும் மறக்காதீர்கள்.

கடைசியாக ஒரு சாதுவான பொருத்தமின்மை. கார்டு வினாடிக்கு 140 படம் வரைகிறது. வீட்டிலிருக்கும் மானிட்டரோ வினாடிக்கு 60 தடவைதான் படத்தை மாற்றும். எதுவும் எரியாது, கெடாது. கொடுத்த காசில் பாதி கண்ணுக்கே தெரியாது, அவ்வளவுதான்.

ஆகவே அந்தக் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். "கூடாது" என்றும் சொல்லாதீர்கள். ஒவ்வொரு சாமானுக்கும் எதிரே சாக்கெட், ராம் வகை, நீளம், உயரம், வாட் என்று கட்டம் போட்டு நிரப்பிக் கொண்டு வரச் சொல்லுங்கள். உண்மையாகவே ஆசை இருந்தால் ஒரே ராத்திரியில் நிரப்பிக் கொண்டு வந்து நிற்பான். பெண்ணாக இருந்தால் அதற்கு முன்பே! அப்புறம் பீரோச் சாவியை எடுக்க வேண்டியது உங்கள் பொறுப்பு.