பிடிச்சுக்கத் தெரியுது, விடத் தெரியுதா?

நாக்பூர் வந்து பதினோரு வருஷம் ஆச்சு. இந்த ஊரில் எனக்குப் பேரே கிடையாது. பால்காரர், வாட்ச்மேன், மாடி வீட்டு எழுபது வயசு ஆஜோபா, எல்லாருக்கும் நான் "அண்ணா"தான். மதராஸின்னா அண்ணா, அண்ணான்னா இன்ஜினியர், இன்ஜினியர்னா மிக்ஸியிலிருந்து போர்வெல் மோட்டார் வரைக்கும் கழட்டி மாட்டுவான். இது இவங்க கணக்கு. நெய்வேலியில் பொறந்து, இங்கே ஒரு அனல்மின் நிலையத்தில் இன்ஸ்ட்ருமென்டேஷனில் குப்பை கொட்டுறவன் நான். வால்வு ஏன் திறக்கலை, டிரிப் ஏன் வந்துச்சுன்னு ராத்திரி ரெண்டு மணிக்குப் பதில் சொல்ற வேலை. மிக்ஸி எனக்கு வராதுங்க.

சரி, விஷயத்துக்கு வர்றேன். போன பிப்ரவரியில் ஒரு ஞாயித்துக்கிழமை காலையில பக்கத்து வீட்டு பாவூ ஒரு அட்டைப்பெட்டியோட வந்து நின்னார். காட்டோல் பக்கம் ஆரஞ்சுத் தோட்டம் வெச்சிருக்கார். மிருக் பஹார் காய் இறங்குற சமயம். 2009 மாடல் டீசல் பிக்கப் ஒண்ணு இருக்கு (கம்பெனி பேர் வேண்டாம், பாவம் வண்டி மேல தப்பே இல்லை). அதில் காயை ஏத்தி மும்பை மார்க்கெட்டுக்கு அவரே ஓட்டிட்டுப் போவார். சம்ருத்தி மகாமார்க் 2022 டிசம்பரில் ஷீர்டி வரைக்கும் 520 கி.மீ. திறந்ததிலிருந்து அவருக்கு அந்த ரோடுதான். 2025 ஜூனில் கடைசித் துண்டும் திறந்து மொத்தம் 701 கி.மீ. ஆயிடுச்சு. நேரா, அகலமா, சிக்னல் இல்லாத ரோடு. ஆனா வலது காலை ஆக்சிலரேட்டரில் ஒரே அழுத்தத்தில் மணிக்கணக்கா வெச்சிருக்கணும். முழங்கால் போயிடுச்சுங்கறார்.

"அண்ணா, க்ரூஸ் கன்ட்ரோல் போட்டுட்டேன். கடைப் பையன் ரெண்டு மணி நேரத்தில் மாட்டிக் குடுத்துட்டான். சும்மா ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்க."

பார்த்தேன். இந்தப் பதிவு எழுதற அளவுக்குப் பார்த்தேன்.

முதல்ல அந்தக் கிட் என்ன பண்ணுதுன்னு சொல்லிடறேன். புது வண்டிகளில் ஆக்சிலரேட்டர் பெடலே ஒரு எலக்ட்ரிக் சென்சார். நடுவுல ஒரு மாட்யூலைச் செருகி, கால் அழுத்துற மாதிரி ஈ.சி.யு.வை ஏமாத்தினா போதும். பாவூ வண்டி அப்படி இல்லை. பெடலிலிருந்து ஒரு கேபிள் போய் டீசல் பம்பின் லீவரை இழுக்கும். அதனால அந்த லீவரை இழுக்க இன்னொரு கை வேணும். ஒரு மோட்டார், அதுக்குள்ள ஒரு மின்காந்த கிளட்ச், அதிலிருந்து ஒரு சின்ன கேபிள். வேகம் தெரிய, பின் சக்கரத்துக்குப் போற ஷாஃப்ட்டில் காந்தம் கட்டி, பக்கத்தில் ஒரு காயில். ஸ்டீயரிங் பக்கம் பட்டன். இவ்வளவுதான். இதே வேலையை வேக்குவத்தில் செய்யற கிட்டும் உண்டு. ஆனா டீசல் வண்டியில் வேக்குவம் இன்ஜின்லேருந்து சும்மா வராது. அதுக்குன்னு ஒரு பம்ப் இருக்கும், அந்தப் பம்ப் இருக்கறதே பிரேக் பூஸ்டருக்காக. அந்தக் குழாயில் டீ போட்டு க்ரூஸுக்கு வேக்குவம் திருடற ஆட்களையும் நான் பார்த்திருக்கேன். குழாய் ஒண்ணு கசிஞ்சா பிரேக் கட்டை மாதிரி ஆயிடும். நல்ல வேளை, பாவூ வாங்கினது மோட்டார் வகை.

அவுட்டர் ரிங் ரோட்டுக்குப் போனோம். வண்டி காலி. அறுபதில் செட் பண்ணார். அட, நல்லாத்தான் பிடிச்சுது. பாவூ காலைத் தூக்கி மடிச்சு வெச்சுக்கிட்டு என்னைப் பார்த்துச் சிரிச்சார். "பிரேக்கை லேசா தொடுங்க பாவூ"ன்னேன். தொட்டார். வண்டி குறைஞ்சுது. காலை எடுத்தார். வண்டி குதிச்சு மறுபடி அறுபதுக்கு ஓடுச்சு. க்ரூஸ் விடவே இல்லை. கிளட்சை மிதிக்கச் சொன்னேன். இன்ஜின் கத்தின கத்தில ரோட்டோரம் நின்ன எருமை திரும்பிப் பார்த்துச்சு. பட்டனை அமுக்கி ஆஃப் பண்ணினப்புறம்தான் எனக்கு மூச்சு வந்துச்சு.

ஓரங்கட்டி டாஷ்போர்டுக்குக் கீழே தலையை விட்டேன். கிட்டிலிருந்து பிரேக் லைட் சர்க்யூட்டுக்குப் போக வேண்டிய வயரை பாடியில் ஒரு ஸ்க்ரூ போட்டு எர்த் பண்ணி வெச்சிருக்கான். ஏன்னு யோசிச்சா புரிஞ்சுது. பாவூ போன தீபாவளிக்குப் பின்பக்க லைட்டெல்லாம் எல்.இ.டி. ஆக்கியிருந்தார். இந்த மாதிரி கிட்கள் பல, பிரேக் மிதிக்காதப்போ அந்த வயரில் பழைய குண்டு பல்பின் இழை வழியா எர்த் கிடைக்கணும்னு எதிர்பார்க்கும். மிதிச்சா 12 வோல்ட் வரணும், வந்தா விடணும். எல்.இ.டி. வழியா அந்த எர்த் ஒழுங்காக் கிடைக்காது. கிடைக்கலைன்னா கிட் "எனக்கு பிரேக் சர்க்யூட் தெரியலை, நான் வேலை செய்ய மாட்டேன்"னு அடம்பிடிக்கும். சரியான அடம். பையன் என்ன பண்ணினான்? எர்த்துதானே வேணும், இந்தா எர்த்து! கிட் சந்தோஷமா வேலை செய்ய ஆரம்பிச்சுடுச்சு. பிரேக் மிதிச்ச சேதி இனி அதுக்கு ஜென்மத்துக்கும் போகாது.

கிளட்ச் சுவிட்ச்? அட்டைப்பெட்டியின் அடியில், பிளாஸ்டிக் பை கூடப் பிரிக்காம பத்திரமா இருந்துச்சு.

என் கோபம் அந்தப் பையன் மேல இல்லைங்க. பத்தொன்பது வயசு இருக்கும். ரெண்டு மணி நேரத்தில் மூணு வண்டி முடிக்கணும்னு முதலாளி சொல்லியிருப்பார். என் கோபம், படிச்சவங்க மத்தியில ஓடற ஒரு பேச்சு மேல. "பழைய வண்டியா? ஒரு கிட் வாங்கிப் போடு, ஆயிரக்கணக்கில் முடிஞ்சுடும், பெரிய ராக்கெட் சயன்ஸ் இல்லை." வேகத்தைப் பிடிச்சு வைக்கறதில் ராக்கெட் சயன்ஸ் இல்லைதான். டிராக்டரில் கையால நகர்த்தற திராட்டில் லீவர் எந்தக் காலத்திலிருந்து இருக்கு? ஒரு செங்கல்லைப் பெடல் மேல வெச்சாலும் ஓரளவுக்குப் பிடிக்கும். க்ரூஸ் கன்ட்ரோலின் விலை முழுக்க விடற பகுதியில்தான் இருக்கு. நம்ம கடைகளில் வெட்டி எறியற பகுதியும் அதேதான்.

எங்க பிளாண்ட்டில் ஒரு வழக்கம். பர்னருக்கு எண்ணெய் போற டிரிப் வால்வை எடுத்துக்குங்க. அது திறந்திருக்கணும்னா கரண்ட் வந்துக்கிட்டே இருக்கணும். எலி வயரைக் கடிச்சாலும், ஃபியூஸ் போனாலும் ஸ்பிரிங் அதை மூடிடும். தப்பு நடந்தா பாதுகாப்பான பக்கம் விழணும். வெறும் பிரேக் லைட் வயரை மட்டும் நம்பற க்ரூஸ் இதுக்கு நேர் எதிர். கரண்ட் வந்தாத்தான் விடும். பிரேக் லைட் ஃபியூஸ் போச்சுன்னா? அதனாலதான் கம்பெனியிலேயே க்ரூஸ் வெச்சு வர்ற வண்டிகளில் பிரேக் பெடல்கிட்ட ரெண்டாவதா ஒரு காண்டாக்ட் வைப்பாங்க. சாதாரணமா மூடியே இருக்கும், பெடல் அசைஞ்சதும் திறக்கும், எந்த லாஜிக்கையும் கேட்காம இணைப்பை வெட்டும். பழைய வேக்குவம் க்ரூஸில்கூட பெடல்கிட்ட ஒரு வால்வு இருக்கும், மிதிச்சா வேக்குவத்தைக் காத்தில் கலைச்சு விட்டுடும். மூளை வேற, கத்தி வேற. இந்த ரெண்டாவது சுவிட்ச் சில நூறு ரூபாய் சாமான். அதைப் போட்டியான்னு கேட்டா கடையில நம்மை ஒரு மாதிரி பார்க்கறாங்க.

டெக்சாஸில் இருக்கற என் சித்தப்பா பையனுக்கு போனில் இதைப் புலம்பினேன். அவனும் ஒரு பழைய பிக்கப் வெச்சிருக்கான், 1997 ஃபோர்டு ரேஞ்சர், அவனே கராஜில் உட்கார்ந்து கிட் போட்டவன். "அண்ணே, எனக்கு எட்டு வருஷமா பிரச்சனை இல்லை, நீ ஓவரா பயப்படறே"ன்னான். எத்தனை நேரம் ஆச்சுடான்னு கேட்டேன். ரெண்டு சனிக்கிழமையாம். அதில் ஒண்ணு முழுக்க பிரேக், கிளட்ச் சுவிட்ச் செட்டிங், ஜாக்கியில் சக்கரத்தைத் தூக்கி வெச்சு சோதனை. நல்லா கவனிங்க, அவன் என் கட்சிதான், அவனுக்கே தெரியலை.

இப்போ பாவூ கேட்ட கேள்வி. நான் கழட்டிடுங்கன்னு சொன்னதும் முகம் சுருங்கிடுச்சு. "உங்க கார்ல இருக்கே அண்ணா. நீங்க ஏ.சி. போட்டுக்கிட்டு காலை மடக்கி உட்கார்ந்து ஷீர்டி போறீங்க. எனக்கு மட்டும் ஆகாதா?"

சுருக்குன்னு தெச்சுது. நியாயமான கேள்வி. என் முழங்காலை விட அவர் முழங்கால் மலிவா? வசதியா இருக்கறவன் பாதுகாப்பைப் பத்தி உபதேசம் பண்றது ரொம்ப சுலபம். அதனால அவருக்குச் சொன்ன பதிலையே இங்கேயும் சொல்றேன். என் காரில் அந்த ரெண்டாவது சுவிட்ச் இருக்கு, கிளட்ச் சுவிட்ச் இருக்கு, ஏ.பி.எஸ். இருக்கு. என் காரின் எடை எப்பவும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். உங்க வண்டி காலியாப் போகும்போது ஒரு வண்டி, ஒரு டன் ஆரஞ்சு ஏத்தினா வேற வண்டி. காலி வண்டிக்கு செட் பண்ணின கன்ட்ரோல், லோடு ஏறினா சமயத்தில் தேடித் தேடி ஊசலாடும். ஏத்தத்தில் லீவரைக் கடைசி வரை இழுத்துப் பிடிக்கும். இறக்கத்தில் அதால ஒண்ணும் பண்ண முடியாது, பிரேக் அது கையில் இல்லை. அப்புறம், 2018 ஏப்ரல் அறிவிப்புப்படி எக்ஸ்பிரஸ்வேயில் காருக்கு 120, சரக்கு வண்டிக்கு 80. எண்பதில் போற வண்டிக்குப் பின்னாடியிருந்து எல்லாரும் வருவாங்க, முன்னாடி ஊர்ந்து போற டிரெய்லரும் இருக்கும். காலை மடிச்சு வெச்சிருந்தா பிரேக்கைத் தேடற அந்த அரை செகண்ட் யார் கணக்கு?

அவர் முழுசா ஒத்துக்கலை. ஆனா என் கூட வண்டிக்குக் கீழே படுத்தார். அங்கேதான் கதை திரும்புச்சு. அந்த ஆக்சிலரேட்டர் கேபிள் இருக்கே, பதினஞ்சு வருஷத்துத் துரு. உறை வெடிச்சு, உள்ளே இழை ரெண்டு பிரிஞ்சு நிக்குது. பெடல் திரும்பி வரலைன்னு எவனோ ஒரு மெக்கானிக் இன்னொரு ஸ்பிரிங் கூடுதலா மாட்டியிருக்கார். முழங்கால் வலி எங்கிருந்து வந்துச்சுன்னு இப்போ சொல்லுங்க! ரெண்டு ஸ்பிரிங்கையும் துருப்பிடிச்ச கேபிளையும் எதிர்த்து மனுஷன் வருஷக்கணக்கா மிதிச்சுக்கிட்டு இருந்திருக்கார். இந்த லட்சணத்தில் இருக்கற லீவரில்தான் அந்தப் பையன் இன்னொரு கேபிளைக் கட்டியிருந்தான். பிரிஞ்ச இழை உறையில் மாட்டிக்கிட்டா, க்ரூஸ் விட்டாலும் லீவர் திரும்பாது.

(அப்படி எப்பவாவது மாட்டிக்கிட்டா: கிளட்சை முழுசா மிதிங்க, பிரேக்கை ஒரே அழுத்தா அழுத்துங்க, இன்ஜின் கத்தட்டும் விடுங்க, அதுக்கு கவர்னர் இருக்கு. ஓரத்தில் நின்னப்புறம் சாவி. ஓடும்போது சாவியை உருவிடாதீங்க, ஸ்டீயரிங் லாக் ஆகும்.)

புது கேபிள், ஒரிஜினல் ஸ்பிரிங் ஒண்ணு, பெடல் பின்னுக்குக் கொஞ்சம் கிரீஸ். கூலியோட ஆயிரம் ரூபாய் கூட ஆகலை. பெடல் பூ மாதிரி இறங்குச்சு. பாவூ நம்பாம பத்துத் தடவை மிதிச்சுப் பார்த்தார்.

இன்னொண்ணும் சொல்லிடறேன், இதுக்குத்தான் அவர் உண்மையிலேயே கோவிச்சுக்கிட்டார். கால் வலி பாதிக் கதை. மீதி, பகல் முழுக்கக் காய் பறிச்சு, லோடு ஏத்தி, ராத்திரி பத்து மணிக்குத் தனியாக் கிளம்பறாரே, அது. க்ரூஸை யோசிச்சவர் ரால்ஃப் டீட்டர்னு கண் தெரியாத ஒரு அமெரிக்க இன்ஜினியர். கூட வந்த வக்கீல் காரை இழுத்து இழுத்து ஓட்டினது தாங்காமத்தான் அந்த யோசனையே வந்துச்சுன்னு சொல்வாங்க. 1950இல் பேட்டன்ட், 1958இல் கிரைஸ்லர் கார்களில் வந்துச்சு. குலுக்கலுக்கு மருந்து அது, தூக்கத்துக்கு இல்லை. நேர் ரோட்டில் ராத்திரியில, கால் செய்யற ஒரே வேலையையும் பிடுங்கிட்டா மிச்சம் என்ன இருக்கு, கண்ணை மூடறதைத் தவிர? 2023 ஜூலை 1 அன்னிக்கு சிந்த்கேட் ராஜா பக்கம் இதே ரோட்டில் பஸ் எரிஞ்சு 25 பேர் போனாங்க. அதுக்குக் காரணம் என்னன்னு தீர்ப்பு சொல்ல நான் ஆளில்லை. ஆனா அதுக்கப்புறம் இந்த ஊரில் டீக்கடைக்கு டீக்கடை சம்ருத்தியில் கண் சொக்கறதைப் பத்தித்தான் பேச்சு, பாவூவும்தான் பேசினார். மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளருக்கு நாளைக்கு எட்டு மணி நேரம்தான்னு 1961லேயே சட்டம் போட்டாச்சு. சொந்த வண்டியை சொந்தமா ஓட்டறவரை யார் கேக்கறாங்க?

"ரெண்டாவது டிரைவர் வெச்சா ஆரஞ்சில் எனக்கு என்ன மிஞ்சும் அண்ணா?"ன்னார். எனக்குப் பதில் தெரியலை. வியாபாரிகிட்ட கேக்க வேண்டிய கேள்வி அது, என்கிட்ட இல்லைன்னு மட்டும் தோணுச்சு.

கிட்டை நானே கழட்டினேன். கடையில் திருப்பி எடுத்துக்க மாட்டேன்னுட்டாங்க, பிரிச்ச சாமானாம். பிரிக்காத கிளட்ச் சுவிட்ச் பையைக் காட்டினேன், அதுக்கும் அசையலை. பெட்டி இப்போ என் மாடிப்படிக்கு அடியில் கிடக்கு. பாவூ மார்ச்சில் ரெண்டு நடை போனார், ரெண்டு தடவையும் மச்சினனை ஏத்திக்கிட்டு. அந்த மச்சினனுக்கு லைசென்ஸ் இருக்கான்னு நான் இன்னும் கேக்கலை.