டப்பா உமி காய்கறி ஆகாது



"தினமும் இசப்கோல் போட்டால் காய்கறியே வேண்டாம்" என்று குடும்பக் குழுவில் ஒரு பார்வேர்டு சுற்றுகிறது. சிவப்பு மையில் சுழிக்கிறேன்: தப்பு!

குஜராத், ராஜஸ்தானில் விளையும் விதையின் உமி அது. தண்ணீரை உறிஞ்சிக் கூழாகி மலத்தை இளக்கும். கெட்ட கொழுப்பையும் ஓரளவு குறைக்கும். மறுக்கவில்லை. ஆனால் கீரையின் சத்தெல்லாம் அதில் ஏது?

அதே பார்வேர்டில் "ஒரு மடக்குத் தண்ணீர் போதும்" என்றும் இருந்தது. நம்பி விழுங்கினேன். தொண்டையிலேயே ஊதி அடைத்தது. மருமகள் பதறி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். அனுப்பியவர் யாரும் அங்கே வரவில்லை.

டம்ளர் நிறையத் தண்ணீரில் கலந்து உடனே குடியுங்கள். மாத்திரைக்கும் அதற்கும் 2 மணி நேரம் இடைவெளி விடுங்கள். விழுங்கச் சிரமப்படுகிறவர்கள் தொடவே வேண்டாம்.

முதலில் தட்டில் கீரை, டப்பா பிறகு.