கணனிக்கு றிமோட் பழக்குதல்

தொலைக்காட்சிப் பெட்டியோடு சிறிய கணனி ஒன்றைக் கொழுவிப் படம் பார்க்கும் வழக்கம் யாழ்ப்பாணத்து வீடுகளுக்கும் வந்துவிட்டது. றாஸ்பெரி பை போன்ற உள்ளங்கை அளவுக் கணனியும், ‘கோடி’ என்ற இலவச மென்பொருளும், ஒரு வன்தட்டும் இருந்தால் போதும். ரொறன்ரோவில் நடந்த பேரப்பிள்ளையின் கலியாணம், நல்லூர்த் தேர், பழைய படங்கள் எல்லாவற்றையும் ஓரிடத்தில் வைத்துப் பார்க்கலாம். இடறுவது ஓரிடத்தில்தான். கணனி விசைப்பலகையையும் மவுஸையும் எதிர்பார்க்கிறது. கதிரையில் இருந்து பார்க்கும் அம்மம்மாவுக்குத் தெரிந்தது றிமோட். அந்த றிமோட்டைக் கணனிக்குப் பழக்க முடியும். அதற்கு முதலில் றிமோட் எப்படிப் பேசுகிறது என்று பார்ப்போம்.

றிமோட்டின் முனையில் இருக்கும் சிறு குமிழ் அகச்சிவப்புக் கதிரை வெளியிடுகிறது. எங்கள் பாடப்புத்தகங்கள் இதைச் செந்நிறக்கீழ்க் கதிர் என்று சொல்லும். பெரும்பாலான றிமோட்டுகளில் இதன் அலைநீளம் 940 நனோமீற்றர் அளவில் இருக்கும். அதனால் எங்கள் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் பல கைத்தொலைபேசிக் கமராக்களுக்கு அது மங்கலான ஊதா வெளிச்சமாகத் தெரியும். றிமோட் வேலை செய்கிறதா என்று சோதிக்க இதுவே இலகுவான வழி.

வெறுமனே ஒளியை அனுப்பினால் பயனில்லை. வெயிலிலும் மின்குமிழிலும் அடுப்பிலும் அகச்சிவப்புக் கதிர் இருக்கிறது. ஆகவே றிமோட் தன் ஒளியைச் செக்கனுக்கு 38,000 தடவை அளவில் மினுக்குகிறது. இதற்குச் சுமப்பு அதிர்வெண் என்று பெயர். கணனிப் பக்கத்தில் இருக்கும் வாங்கி என்ற சிறு உறுப்பு இந்த வேகத்தில் மினுங்கும் ஒளியை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விலக்கிவிடும்.

அடுத்தது, அந்த மினுக்கத்துக்குள் செய்தி எப்படி அடங்குகிறது என்பது. கடலில் போகிறவர்கள் ஒரு வெளிச்சவீட்டை அதன் மினுக்கத் தாளத்தைக் கொண்டே இன்னதென்று அறிவார்கள். றிமோட்டும் தாளத்தால்தான் பேசுகிறது. பரவலாகப் புழங்கும் என்.ஈ.சி. முறையை எடுத்துக்கொள்வோம். முதலில் அதே வேகத்தில் 9 மில்லிசெக்கன் தொடரும் ஒரு மினுக்கம். பிறகு 4.5 மில்லிசெக்கன் அமைதி. அதன்பின் 32 சிறு மினுக்கங்கள். ஒரு மினுக்கத்தை அடுத்து வரும் இடைவெளி குறுகியதென்றால் பூச்சியம்; அதைப்போல மூன்று மடங்கு நீண்டதென்றால் ஒன்று. இந்த 32 இலக்கங்களில் முதல் எட்டு, எந்தக் கருவிக்கான செய்தி என்பதைச் சொல்லும். அடுத்த எட்டு அதையே தலைகீழாக்கிச் சொல்லும். அதற்கடுத்த எட்டு, அழுத்திய விசை எது என்பது. கடைசி எட்டு அதன் தலைகீழ். இரண்டும் பொருந்தாவிட்டால் செய்தி பழுதென்று தெரிந்துவிடும். பிலிப்ஸ் நிறுவனத்தின் ஆர்.சி.5 முறை செக்கனுக்கு 36,000 தடவை மினுங்கி 14 இலக்கங்களில் பேசும். முறைகள் வேறு, அடிப்படை ஒன்றுதான்.

இனி வேலைக்கு வருவோம். வாங்கி மூன்று கால்கள் கொண்ட கறுப்பு உறுப்பு. பழுதான செற்றொப் பெட்டியில் இருந்தும் கழற்றலாம். ஒரு கால் மின்னுக்கு, ஒன்று நிலத்துக்கு, மற்றது செய்திக்கு. கால்களின் ஒழுங்கு வகைக்கு வகை மாறும். மாறிக் கொழுவினால் வாங்கி கருகலாம். அதனால் அதன் இலக்கத்தைப் பார்த்து உறுதிசெய்த பின்னரே இணைக்க வேண்டும். றாஸ்பெரி பையில் 3.3 வோல்ற் முனையையே பயன்படுத்த வேண்டும். 5 வோல்ற் கொடுத்தால் செய்திக் கால் வழியாகக் கணனியே பழுதாகலாம். செய்திக் காலை வழக்கமாக ஜி.பி.ஐ.ஓ. 18 எனப்படும் தொடுப்பில் கொழுவுவார்கள். பிறகு கணனியின் தொடக்க அமைப்புக் கோப்பில், அந்தத் தொடுப்பில் வாங்கி இருக்கிறது என்று ஒரு வரி எழுத வேண்டும்.

அடுத்தது விசைகளை அறிவது. லினக்ஸ் இயங்குதளத்தில் இதற்கு ‘ஐஆர்-கீரேபிள்’ என்ற கட்டளை உண்டு. அதைச் சோதனை நிலையில் ஓடவிட்டு ஒவ்வொரு விசையாக அழுத்தினால், ஒவ்வொன்றின் எண்ணும் திரையில் வரும். ஒன்றுமே வராவிட்டால், றிமோட் பேசும் முறையைக் கணனி இன்னும் கேட்கத் தொடங்கவில்லை என்று கொள்ளலாம். முறையை மாற்றிப் பார்க்க வேண்டும். வந்த எண்களை ஓர் அட்டவணையாக எழுதி, இந்த எண் மேல், இந்த எண் கீழ், இந்த எண் சரி, இந்த எண் பின்செல் என்று பொருத்த வேண்டும். அதன்பின் ‘கோடி’க்கு விசைப்பலகையும் றிமோட்டும் ஒன்றுதான்.

தொலைக்காட்சியின் சொந்த றிமோட்டையே இதற்கு எடுத்தால் ஓர் அழுத்தலுக்கு இரண்டு கருவிகளும் அசையும். பழுதாகிப்போன வேறொரு கருவியின் றிமோட்டே நல்லது. அதன் செய்தி வேறு கருவிக்கானது என்பதால் தொலைக்காட்சி பொருட்படுத்தாது.

எங்கள் வீடுகளுக்குரிய சில கவனங்களும் உண்டு. மேற்கு யன்னலால் வரும் பின்னேர வெயில் வாங்கியில் நேரே விழுந்தால் றிமோட்டின் எட்டும் தூரம் குறையும். வாங்கியை நிழலில், தொலைக்காட்சியின் கீழ் விளிம்பில் வையுங்கள். சில மின்குமிழ்களும் இடையூறு செய்யும். விளக்கை அணைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். கடற்கரையை அண்டிய வீடுகளில் பற்றரிச் சுருள்கள் உப்புக்காற்றில் துருப்பிடிக்கும். அவற்றைத் துடைத்து வைக்க வேண்டும்.

மின்வெட்டு இன்னொன்று. 2022 மார்ச் இறுதியில் நாட்டில் ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை மின் நின்றது. இயங்கிக்கொண்டிருக்கும் கணனிக்கு மின் திடீரென நின்றால் நினைவட்டையில் உள்ளவை சிதையலாம். ஆகவே ஒரு விசையைக் கணனியை முறைப்படி நிறுத்துவதற்கென்றே ஒதுக்குங்கள். அப்படி நிறுத்திய றாஸ்பெரி பையை இந்த வாங்கியால் மறுபடி எழுப்ப முடியாது. அதற்கு மின்னைத் துண்டித்து மீண்டும் கொடுக்க வேண்டும், அல்லது தனிப் பொத்தான் வேண்டும்.

இவ்வளவும் எல்லோருக்கும் தேவையென்று இல்லை. புதிய தொலைக்காட்சிகள் பலவற்றில் எச்.டி.எம்.ஐ. வடத்தின் வழியே தொலைக்காட்சியின் றிமோட் கணனியையும் இயக்கும் சி.ஈ.சி. என்ற வசதி இருக்கிறது. முதலில் அமைப்புப் பட்டியலில் அதைத் தேடுங்கள். இருந்தால் அங்கேயே வேலை முடிந்தது. இல்லாவிட்டால் வாங்கி வழி மலிவானது, நம்பகமானது, பழுதானாலும் வீட்டிலேயே திருத்தக்கூடியது. பற்றரி கிடைக்காத போர்க்காலத்தில் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி றேடியோ கேட்ட குடாநாட்டுக்கு, இருப்பதைக் கொண்டு வேலையை முடிப்பது புதிதல்ல. வீட்டில் வயதானவர்கள் இருந்தால், பிள்ளைகள் ஒரு பின்னேரத்தை ஒதுக்கி இதைச் செய்து கொடுங்கள். பழைய செற்றொப் பெட்டியை எறிவதற்கு முன் அதன் றிமோட்டை மட்டும் எடுத்து வையுங்கள்.